கல்லில் ஊர் பேர் எழுதியிருக்கா மாமா?

வா கண்ணு, வந்து உட்கார். கையில் என்ன, மாங்காயா? நல்லது. உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்றுகொண்டே கேள். இன்றைக்கு நாம் ஒரு கல்லைப் பற்றிப் பேசப்போகிறோம்.

என் தங்கை மகள் ஆஸ்திரேலியாவில், மெல்பர்ன் நகரத்தில் இருக்கிறாள். ஆறாம் வகுப்பு. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் கூப்பிட்டாள். பள்ளியில் எல்லாரையும் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் கரும்பச்சையாக ஒரு கல் கோடரி. பக்கத்தில் ஓர் அட்டை. கோடரி கிடைத்தது ஓரிடம்; அந்தக் கல் பிறந்ததோ அங்கிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒரு மலை என்று அதில் போட்டிருந்ததாம்.

"கல்லுல ஊர் பேர் எழுதியிருக்கா மாமா? எப்படிக் கண்டுபிடிச்சாங்க?"

பார்த்தாயா கேள்வியை! மற்ற பிள்ளைகள் எல்லாம் டைனோசர் எலும்பைப் பார்க்க ஓடிவிட்டார்களாம். இவள் மட்டும் அந்தக் கல் முன்னால் நின்றிருக்கிறாள். உன்னைப் போலவே. நீயும் இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் படிக்கிறாயே, அதனால் சொல்கிறேன்.

அவளுக்குப் போனில் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. உனக்கு ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் உன் கையில் இருக்கும் மாங்காயிலிருந்து தொடங்கலாம். உன் பாட்டியுடன் சந்தைக்குப் போயிருக்கிறாயா? கடைக்காரர் என்ன பெயர் சொன்னாலும் பாட்டி நம்பமாட்டார். ஒரு பழத்தை எடுப்பார். மூக்கருகே கொண்டுபோவார். காம்பு அடியை விரலால் அழுத்துவார். "இது மல்கோவா இல்லப்பா, யாருகிட்ட சொல்ற?" என்று கீழே வைத்துவிடுவார். உருண்டையாக, தோல் மெலிதாக இருந்தால் ருமானி. நுனி வளைந்து நீண்டிருந்தால் கிளிமூக்கு. பழத்தின்மேல் பெயர் ஒன்றும் எழுதியிருக்காது. பழமேதான் பெயர்.

பாறையும் அப்படித்தான். பூமிக்கு உள்ளேயிருந்து உருகிய குழம்பு மேலே வந்து ஆறி இறுகும்போது, அதற்குள் பலவகைக் கனிமங்கள் சேர்கின்றன. எது எவ்வளவு சேர்ந்தது, எவ்வளவு சூட்டில் வெந்தது, எவ்வளவு மெதுவாக ஆறியது என்பதெல்லாம் இடத்துக்கு இடம் வேறு. உங்கள் வீட்டுச் சாம்பாரும் எதிர்வீட்டுச் சாம்பாரும் சாம்பார்தான். கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் சாப்பிட்டால் எது எந்த வீட்டுடையது என்று சொல்லிவிடுவாய் அல்லவா? கல்லை ருசி பார்க்க முடியாது. அதற்கு வேறு வழி வேண்டும்.

அந்த வழி இதுதான். வைரத்தூள் பதித்த ரம்பத்தால் கல்லிலிருந்து ஒரு சின்னத் துண்டை அறுக்கிறார்கள். அதைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டித் தேய்க்கிறார்கள். தேய்த்துத் தேய்த்து 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குக் கொண்டுவருகிறார்கள். உன் நோட்டுப்புத்தகத்தின் ஒரு தாளை எடுத்துப் பார். அதில் மூன்றில் ஒரு பங்கு தடிமன்தான். அவ்வளவு மெலிதானால் கல்லுக்குள் வெளிச்சம் ஊடுருவும், பட்டம் விடும் காகிதத்தை வெயிலில் பிடித்தால் தெரியுமே, அப்படி!

அந்தத் தகட்டை ஒரு விசேஷமான நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், சாம்பல் நிறக் கல்லுக்குள் நீலம், ஆரஞ்சு, மஞ்சள், ஊதா என்று ஒரே வண்ணக்கோலம். ஒவ்வொரு கனிமத்துக்கும் ஒரு நிறம், ஒரு வடிவம். எந்தக் கனிமம் இருக்கிறது, அது ஊசி போல் இருக்கிறதா, கட்டை போல் இருக்கிறதா, ஒன்றோடொன்று எப்படிப் பின்னியிருக்கிறது என்பதையெல்லாம் குறித்துக்கொள்வார்கள். பிறகு மலைமலையாகப் போய் அங்கேயும் கல் எடுத்து வந்து அதேபோல் மெலிதாக்கிப் பார்ப்பார்கள். கோடரியின் கோலமும் மலையின் கோலமும் ஒன்றானால், அந்தக் கோடரி பிறந்த இடம் கிடைத்துவிட்டது.

இதுவரை புரிந்ததா? கல்லுக்குள் ஒரு சமையல் குறிப்பு இருக்கிறது. அதைப் படித்தால் ஊர் தெரியும். இவ்வளவு நினைவிருந்தால் போதும், மேலே போகலாம்.

இப்போது என் தங்கை மகள் பார்த்த கல்லுக்கு வருவோம். மெல்பர்னுக்குச் சுமார் 70 கிலோமீட்டர் வடக்கே, லேன்ஸ்ஃபீல்டு என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் ஒரு குன்று. வெள்ளைக்காரர்கள் அதற்கு வில்லியம் மலை என்று பெயர் வைத்தார்கள். (வரைபடத்தில் தேடினால் மேற்கே கிராம்பியன்ஸ் மலைத்தொடரில் இன்னொரு வில்லியம் மலை வரும். அது வேறு. நான் தேடும்போது அங்கேதான் போய் நின்றேன்.) அந்த மண்ணின் மக்களான வுருண்டிரி மக்கள் அதை 'வில்-இம்-ஈ மூர்-ரிங்' என்கிறார்கள். கோடரியின் இடம் என்று அர்த்தம்.

அங்கே இருப்பது கரும்பச்சைப் பாறை. பச்சைக்கல் என்றதும் அத்தையின் மோதிரத்தில் இருக்கும் மரகதத்தை நினைத்துவிடாதே. இது பளபளக்காது. கிட்டத்தட்ட 50 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பாக இருந்து, பிற்பாடு மறுபடியும் சூட்டில் வெந்து மாறிய பாறை. அதற்குள் ஆம்பிபோல் என்ற கனிமம் மெல்லிய ஊசிகளாகப் பின்னிக் கிடக்கிறது. தேங்காய் நாரை முறுக்கிக் கயிறாக்கினால் எவ்வளவு இழுத்தாலும் அறுவதில்லையே! இந்த ஊசிப் பின்னலும் அப்படி. ஓங்கி மரத்தை வெட்டினாலும் கல் பிளவுபடுவதில்லை. கோடரிக்கு வேறென்ன வேண்டும்?

அந்த மக்களுக்குக் கோடரி இல்லாமல் ஒரு நாளும் ஓடாது. மரத்தில் கால் வைக்கப் படி வெட்ட, அதில் ஏறிப் பொந்துக்குள் தூங்கும் பொசம் என்ற விலங்கைப் பிடிக்க, பெரிய மரத்தின் பட்டையை உரித்துப் படகு செய்ய, கிண்ணம் செய்ய, எல்லாவற்றுக்கும் அதுதான். இரும்பு அவர்களிடம் இல்லை. இரும்பு இல்லாமலே எல்லாம் நடந்தது.

எப்படிச் செய்தார்கள் என்று கேட்கிறாயா? மேலே வெயிலும் மழையும் பட்டு உளுத்த கல் வேண்டாம் என்று, நிலத்தைத் தோண்டி உள்ளே இருக்கும் நல்ல கல்லை எடுத்தார்கள். அந்தக் குன்றின்மேல் இன்றைக்கும் நூற்றுக்கணக்கான குழிகள் இருக்கின்றன. எடுத்த கல்லை அங்கேயே ஒரு பாறைமேல் வைத்து, இன்னொரு கல்லால் தட்டித் தட்டிச் செதில் எடுத்து, உள்ளங்கை அளவுக்குக் கோடரி வடிவம் கொடுத்தார்கள். அந்தப் பாறையைச் சுற்றிலும் செதில்கள் குவியல் குவியலாகக் கிடக்கின்றன, தச்சர் வேலை செய்த இடத்தில் மரச்சுருள் கிடப்பது போல.

பிறகு தண்ணீர் ஊற்றி மணற்கல்லில் தேய்த்துக் கூராக்கவேண்டும். இது மணிக்கணக்கான வேலை. அப்படித் தேய்த்த பள்ளங்கள் ஆஸ்திரேலியாவில் ஓடைக்கரைப் பாறைகளில் பல இடங்களில் இருக்கின்றன. நம் வீட்டு வாசற்படியில் அரிவாள்மனையைத் தீட்டித் தீட்டிப் பள்ளம் விழுந்திருக்குமே, அதேதான். கடைசியாக வளைத்த மரக்காம்பைக் கல்லைச் சுற்றிப் பொருத்தி, பிசின் வைத்து, நரம்பால் இறுக்கிக் கட்டினால் கோடரி தயார்.

1850களில் பிளண்டோவ்ஸ்கி என்ற இயற்கையியலாளர் அந்தக் குன்றுக்குப் போனார். அப்போது அந்தப் பகுதி முழுக்கத் தங்கவேட்டை நடந்துகொண்டிருந்தது. குழிகளைப் பார்த்ததும் அவருக்குக் கைவிடப்பட்ட தங்கச் சுரங்கம்தான் நினைவுக்கு வந்தது. அவ்வளவு தோண்டியிருக்கிறார்கள்! ஒரு குடும்பத்துக்குத் தேவையான கோடரிகளுக்கு அவ்வளவு குழி எதற்கு?

நல்லது, நீயே பிடித்துவிட்டாய். வெளியூருக்குப் போயிருக்கவேண்டும்.

எவ்வளவு தூரம்? அதைத்தான் இசபெல் மெக்பிரைடு என்ற தொல்லியல் அறிஞர் 1970களிலும் 80களிலும் தேடினார். அவரும் பாறையியல் அறிஞர்களும் சேர்ந்து, தென்கிழக்கு ஆஸ்திரேலியாவில் கிடைத்திருந்த கோடரிகளை எடுத்து, நான் சொன்னேனே மெலிதாக்கிப் பார்க்கும் முறை, அப்படி ஆராய்ந்தார்கள். ஒவ்வொரு கோடரியும் எங்கே கிடைத்தது என்று வரைபடத்தில் புள்ளி வைத்தார்கள். வில்லியம் மலைக் கல் 600 கிலோமீட்டருக்கும் அப்பால் போயிருந்தது! குதிரை இல்லை, வண்டி இல்லை. அந்த நாட்டில் அப்போது சக்கரமே இல்லை. எல்லாம் கால்நடையாக.

இங்கே கொஞ்சம் நில். இனிமேல் வருவதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

உங்கள் தெருவில் பட்டம் விடுகிறீர்கள். நூல் அறுந்து பத்துப் பட்டங்கள் பறந்துபோயின. அடுத்த நாள் எந்தெந்த வீட்டு மாடியில் விழுந்திருக்கின்றன என்று தேடிப் போகிறாய். கிழக்குப் பக்கத்து மாடிகளில் எட்டு, வடக்கே இரண்டு, மேற்கே ஒன்றுகூட இல்லை. இதிலிருந்து உனக்கு என்ன தெரிகிறது? நேற்று காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று தெரிகிறது. காற்றை நீ பார்க்கவில்லை. பட்டம் விழாத இடம் உனக்குக் காற்றைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

மெக்பிரைடின் வரைபடத்திலும் அப்படி ஓர் இடம் இருந்தது. வடக்கே புள்ளிகள். மேற்கே புள்ளிகள். தென்கிழக்கே கிப்ஸ்லாந்து என்ற பகுதியில் மட்டும் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. அந்தப் பகுதியோ 600 கிலோமீட்டர் தள்ளி இல்லை, பக்கம்தான். பிறகு ஏன் போகவில்லை?

நடுவில் மலை இருக்குமோ என்று நினைக்கிறாயா? நல்ல ஊகம். மலை இருக்கிறதுதான். ஆனால் மலையைக் கடக்கும் வழி அவர்களுக்குத் தெரியும். வில்லியம் மலையைச் சுற்றியிருந்தவர்கள் குலின் என்ற கூட்டத்தார். ஐந்து மொழிக் குழுக்கள் சேர்ந்தது அது; வுருண்டிரி மக்களும் அதில் சேர்த்தி. கிப்ஸ்லாந்தில் இருந்தவர்கள் குனாய்குர்னாய் மக்கள். இரண்டு பக்கத்தாருக்கும் ஆகாது. ஒருவர் ஊருக்குள் ஒருவர் புகுந்து தாக்கிய கதைகள் உண்டு. சண்டைக்குப் போகத் தெரிந்த வழியில் கோடரியைக் கொண்டுபோக முடியாதா என்ன? கொடுக்க மனமில்லை, அவ்வளவுதான்.

குலின் கூட்டத்தாருக்கோ வடக்கிலும் மேற்கிலும் உறவுகள். அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொருவரும் பிறக்கும்போதே பஞ்ஜில் என்ற கழுகின் பக்கம், அல்லது வா என்ற காகத்தின் பக்கம். கழுகுப் பக்கத்தார் காகப் பக்கத்தில்தான் பெண் எடுக்கவேண்டும், பெண் கொடுக்கவேண்டும். அதனால் தூரத்து ஊர்களில் எல்லாம் சம்பந்தி, மாமன், மச்சான். கல் போன வழி அந்த உறவு போன வழி.

சரி, பகையும் உறவும் கல்லுக்குள் நுண்ணோக்கியில் தெரியுமா? தெரியாது. கல் எங்கிருந்து கிளம்பியது என்று மட்டும்தான் நுண்ணோக்கி சொல்லும். ஏன் கிளம்பியது, யார் கொடுத்தார்கள் என்று மனிதர்கள்தான் சொல்லவேண்டும். நல்ல வேளையாக, சொல்வதற்கு ஒருவர் இருந்தார்.

அவர் பெயர் வில்லியம் பராக். வுருண்டிரி மக்களின் தலைவர். 1820களில் பிறந்து 1903இல் மறைந்தவர். தம் மக்களின் சடங்குகளையும் நடனங்களையும் ஓவியங்களாகத் தீட்டியவர். வெள்ளைக்காரர்கள் வந்து இறங்கிய காலத்தில் அவர் சின்னப் பையன். பழைய காலம், புதிய காலம் இரண்டையும் கண்ணால் பார்த்தவர். ஹோவிட் என்ற ஆய்வாளர் அவரிடம் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொண்டார்.

பராக் சொன்னது இது. அந்தக் கல் குவாரியை அவருடைய குடும்பப் பெரியவர் பில்லிபெல்லரி பார்த்துக்கொண்டார். 1846இல் மறைந்தவர் அவர். யார் வேண்டுமானாலும் வந்து தோண்டிக்கொண்டு போக முடியாது. கல் வேண்டும் என்றால் முதலில் தூதர் வரவேண்டும். இன்னது கொண்டுவருகிறோம், கல் தருவீர்களா என்று கேட்கவேண்டும். சம்மதம் கிடைத்த பிறகுதான் கூட்டமாக வந்து குவாரிப் பக்கத்தில் தங்குவார்கள். பில்லிபெல்லரி அவர்களை வரவேற்பார். சண்டை சச்சரவு கூடாது என்றும் சொல்லிவைப்பார். கேட்காமல் எடுத்தால் வம்புதான். திருட்டுத்தனமாக எடுத்தவர்களும் உண்டாம்!

விலையும் உண்டு. பொசம் தோல்களைச் சேர்த்துத் தைத்த ஒரு போர்வைக்கு மூன்று கோடரிக் கற்கள். தோலின் உள்பக்கத்தில் கோடு கோடாகச் சித்திரம் கீறியிருக்கும் போர்வை அது. செய்வதற்கு எத்தனையோ நாள் ஆகும். காசு என்ற ஒன்றே இல்லாத இடத்தில் இப்படி ஓர் ஒழுங்கு. அந்த மக்கள் திக்குத் தெரியாமல் அலைந்தவர்கள் என்று பழைய புத்தகங்களில் எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு அதைப் படித்தால் கோபம்தான் வரும். முன்கூட்டியே சொல்லி அனுப்பி, அனுமதி வாங்கி, நாள் குறித்து வந்துபோனவர்களை எப்படி அப்படிச் சொல்வது?

இன்னொன்று. தூர ஊர்க்காரர்கள் சிலருக்குப் பக்கத்திலேயே நல்ல உறுதியான கல் இருந்தது. அப்படியிருந்தும் வில்லியம் மலைக் கல்லை விரும்பி வாங்கியிருக்கிறார்கள். ஏன்? நீயே சொல். உன் வீட்டுக் கொல்லையில் மாமரம் இருக்கிறது. ஆனாலும் கோடை விடுமுறையில் சித்தப்பா தோட்டத்திலிருந்து ஒரு கூடை வந்தால் அதற்கென்று ஒரு ருசி இருக்கிறதா இல்லையா? அது சித்தப்பா கொடுத்தது. நாளைக்கு நீங்கள் அவருக்கு ஏதாவது கொடுத்து அனுப்புவீர்கள். போக்குவரத்து தொடரும். மெக்பிரைடும் இதைப் போலத்தான் எண்ணினார். வெட்டும் கூர்மை மட்டும் இருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது; யாரிடமிருந்து வந்தது என்பதும் மதிப்பில் சேர்ந்தது என்று எழுதினார்.

மாங்காய் தீர்ந்துவிட்டதா? தண்ணீர் குடித்துவிட்டு வா. இன்னும் ஒரு துப்பறியும் கதை பாக்கி இருக்கிறது.

கல்லை அறுக்காமலே ஊர் கண்டுபிடிக்க முடியுமா? முடியும். நான் படித்த பள்ளியில் மணி கிடையாது. ஒரு தண்டவாளத் துண்டைக் கம்பியில் கட்டி வேப்பமரத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். பக்கத்துத் தெருப் பள்ளியில் வெண்கல மணி. தூரத்தில் வரும்போதே எந்தப் பள்ளி மணி அடிக்கிறது என்று காதுக்குத் தெரியும். அதைக் கேட்டு ஓடுவதா நடப்பதா என்று முடிவு செய்வோம். அடித்தால் ஒவ்வொன்றும் தன் குரலில்தான் ஒலிக்கும்.

அணுக்களும் அப்படி. கல்லின்மேல் எக்ஸ்-ரே கதிர் பட்டால், அதில் இருக்கும் ஒவ்வொரு தனிமத்தின் அணுவும் தனக்கே உரிய எக்ஸ்-ரே ஒன்றைத் திருப்பி விடும். ருபிடியத்துக்கு ஒன்று, ஸ்ட்ரான்ஷியத்துக்கு ஒன்று, சிர்க்கோனியத்துக்கு ஒன்று. கருவி அதைக் கேட்டு, எது எவ்வளவு இருக்கிறது என்று எண்ணிவிடும். கல்லுக்கு ஒரு கீறல்கூட விழாது. கையில் பிடிக்கும் துப்பாக்கி மாதிரிக் கருவிகள்கூட இன்று வந்துவிட்டன.

இந்த மாதிரித் தனிமக் கணக்கு எரிமலைக் கண்ணாடிக்கு ரொம்பப் பொருந்தும். எரிமலைக் குழம்பு சட்டென்று ஆறினால் கறுப்பாகக் கண்ணாடி போல் இறுகிவிடும். அப்சிடியன் என்பார்கள். உடைத்தால் சவரக்கத்தியைவிடக் கூர்மையான விளிம்பு கிடைக்கும். அமெரிக்காவில் யெல்லோஸ்டோன் பூங்காவுக்குள் அப்சிடியன் குன்று என்றே ஒன்று இருக்கிறது.

இப்போது அதற்கு வெகு கிழக்கே, ஒஹையோ மாநிலத்துக்கு வா. 2,000 ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்த பூர்வகுடி மக்கள் பெரிய பெரிய மண்மேடுகள் கட்டினார்கள். ஹோப்வெல் பண்பாடு என்று அதற்குப் பெயர். (அது அந்த மக்களின் பெயர் இல்லை. மேடுகள் இருந்த நிலத்துக்குப் பிற்காலத்தில் சொந்தக்காரராக இருந்தவரின் பெயர்!) 1920களில் அங்கே ஒரு மேட்டைத் தோண்டியபோது, ஒரே இடத்தில் சுமார் 136 கிலோ அப்சிடியன் கிடைத்தது. ஒஹையோவில் எரிமலையே கிடையாது. இது எங்கிருந்து வந்தது?

1960களில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் கிரிஃபினும் அவரோடு வேலை செய்தவர்களும், அப்சிடியன் துண்டுகளை நியூட்ரான்களால் தாக்கி உள்ளே இருக்கும் தனிமங்களை அளந்தார்கள். இதுவும் மணியடித்துக் குரல் கேட்பது போலத்தான், கருவி மட்டும் வேறு. பெரும்பகுதி யெல்லோஸ்டோனின் குரல்! நேர்கோட்டில் அளந்தாலே 2,300 கிலோமீட்டருக்கு மேல். கன்னியாகுமரியிலிருந்து டெல்லி போகும் தூரம் மாதிரி.

எப்படி வந்திருக்கும்? கைமாறி கைமாறி வந்திருக்கும் என்று முதலில் தோன்றும். அதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. தோட்டத்திலிருந்து 100 மாம்பழம் கிளம்புகிறது. முதல் வீட்டார் பாதியை வைத்துக்கொண்டு 50 பழத்தை அடுத்த வீட்டுக்குத் தருகிறார்கள். அவர்கள் 25 வைத்துக்கொண்டு 25 தருகிறார்கள். அடுத்து 12, பிறகு 6. ஏழாவது எட்டாவது வீட்டுக்குப் போனால் என்ன மிஞ்சும்? ஒரு கொட்டை மிஞ்சினால் அதிர்ஷ்டம். அப்படியானால் கைமாறிப் போகும் பொருள் தோட்டத்துக்குப் பக்கத்தில் நிறையவும், தூரத்தில் கொஞ்சமாகவும் கிடைக்கவேண்டும்.

ஒஹையோவில் என்ன கிடைத்தது? கடைசி வீட்டில் கூடை கூடையாகப் பழம்! நடுவில் இருக்கும் வீடுகளில் ஒன்றிரண்டுதான். கணக்கு இடிக்கிறதே! அதனால் கிரிஃபின், ஒரு கூட்டம் நேராக அவ்வளவு தூரம் போய், ஒரே தடவையிலோ சில தடவைகளிலோ சுமந்துவந்திருக்கலாம் என்று சொன்னார். இதைப் பற்றி அறிஞர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அவர் சொன்னது பிடித்திருக்கிறது. ஆற்றிலும் காட்டிலும் மாதக்கணக்கில் நடந்து, கறுப்புக் கண்ணாடிக் கல்லைத் தோளில் சுமந்து திரும்பியவர்களை மனதில் நினைத்துப் பார்.

ஒரு விஷயத்தைக் கவனித்தாயா? கோடரியோ கண்ணாடிக் கல்லோ, அது கிடைத்த இடம் தெரிந்தால்தான் இந்தக் கதை எல்லாம். பிறந்த இடத்தைக் கல் சொல்லிவிடும். போய்ச் சேர்ந்த இடத்தைக் கல் சொல்லாது, எடுத்தவர்தான் எழுதிவைக்கவேண்டும். அந்தக் காலத்தில் ஆசைக்காகப் பொறுக்கிச் சேர்த்தவர்கள் பலர் இடத்தை எழுதாமலே பெட்டியில் போட்டுவிட்டார்கள். அந்தக் கற்களை வைத்து வரைபடத்தில் ஒரு புள்ளிகூட வைக்க முடியாது. ஆகவே, என்றாவது வயலிலோ ஆற்றங்கரையிலோ பழைய பொருள் எதையாவது பார்த்தால் எடுக்காதே கண்ணு. இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். ஒரு படம் எடுத்துக்கொண்டு ஆசிரியரிடம் சொல். அவர் தொல்லியல் துறைக்குச் சொல்வார்.

வில்லியம் மலைக் குவாரியை 2008இல் ஆஸ்திரேலிய அரசு தேசிய மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. 2012இல் அந்த நிலம் வுருண்டிரி மக்களின் கைக்கே திரும்பி வந்தது. இப்போது அங்கே போகவேண்டும் என்றால் அவர்களிடம் கேட்டுத்தான் போகவேண்டும், பில்லிபெல்லரி காலத்தைப் போலவே. என் தங்கை மகளிடம் இதைச் சொன்னேன். "அப்போ நான் கேட்டுட்டே போறேன் மாமா" என்றாள்.

உனக்கும் ஒரு வேலை தருகிறேன். உன் பாட்டி வீட்டில் அம்மியோ ஆட்டுக்கல்லோ இருக்கும். மூலையில் கிடந்தாலும் பரவாயில்லை. ஒரு பூதக்கண்ணாடி எடுத்துக்கொண்டு போய், ஈரத்துணியால் துடைத்துவிட்டு உற்றுப் பார். வெள்ளைப் பொட்டு, கறுப்புப் பொட்டு, மினுக்குகிற துகள் எல்லாம் தெரியும். நோட்டில் வரைந்துகொள். அதுதான் அந்தக் கல்லின் கோலம். பிறகு பாட்டியிடம் போய், இது எந்த ஊர்க் கல், யார் கொத்தியது, யார் வாங்கிக் கொடுத்தது, எப்படி வீட்டுக்கு வந்தது என்று கேள். கல்யாணச் சீராக வந்ததா, மாட்டுவண்டியில் வந்ததா, தலைச்சுமையாக வந்ததா?

பாட்டி சொல்வதை அப்படியே அவர் வார்த்தையிலேயே எழுது. படத்தையும் சேர்த்து எனக்கு அனுப்பு. தேதி போட மறக்காதே. ஊர் பேரையும்தான்!